இரண்டாம் சரணத்தின் கடைசி வரி

போன மாதம் சென்னையிலிருந்து ஓர் இளம் இசையமைப்பாளர் போன் செய்தார். மரியாதைக்குக் குறைவில்லை. "மேடம், மாலா அம்மா குரல்ல ஒரு பாட்டு பண்றோம். கம்ப்யூட்டர் அவங்க குரலை அப்படியே கொண்டுவந்துரும். ஆனா முதல்ல அவங்க பாணியில யாராவது பாடித் தரணும். அதுக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் அரைக் கிலோ கத்திரிக்காயோடு நின்றிருந்தேன். ஊர் உலகமெல்லாம் தேடி என்னைக் கண்டுபிடித்திருக்கிறார்களே என்று சிரிப்பு வந்தது. பின்னணிப் பாடகி மாலா அக்கா காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. முடியாது என்று சொன்னேன். ஏன் மேடம் என்றார். "அவுககிட்டக் கேக்காம அவுக குரல்ல பாடுறதை விட்டு ரொம்ப நாளாச்சு தம்பி" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் டவுன் பஸ் வந்துவிட்டது, வைத்துவிட்டேன். பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு விளக்குகிற விஷயமா அது? உட்கார்ந்து எழுதினால்தான் சரிவரும்.

நான் இருபத்தாறு வருஷம் ட்ராக் பாடகியாக வேலை பார்த்தவள். அது என்ன வேலை என்று என் சொந்தக்காரர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை. "எந்தங்கச்சி இந்திராணி. சினிமாவுல பாடுறா, ஆனா பாட்டுல இருக்கமாட்டா" என்று கல்யாண வீடுகளில் என் அண்ணன் அறிமுகம் செய்துவைப்பான். கேட்கிறவர்கள் பேந்தப் பேந்த முழிப்பார்கள். அவன் சொன்னதில் பிழை இல்லை. மெட்டு அமைந்ததும், பெரிய பாடகர் வருவதற்கு முன்னால், ஒருவர் பாட்டை முழுசாகப் பாடிப் பதிந்துவைக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் அவர்கள் கற்றுக்கொள்வார்கள். அவர்கள் பாடி முடித்ததும் நம் குரலை எடுத்துவிடுவார்கள்.

எளிதான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். சுருதி இம்மி பிசகக் கூடாது. சொந்தமாக ஒரு சங்கதிகூடப் போடக் கூடாது, போட்டால் கேட்கிறவருக்கு எது மெட்டு, எது நம் கைச்சரக்கு என்று குழம்பிவிடும். அழுகைப் பாட்டாக இருந்தாலும் அழக் கூடாது. வீடு கட்டக் கயிறு பிடித்துக் கொடுப்பது மாதிரி. அதில் என்னை மிஞ்ச அந்த நாளில் ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் கிடையாது.

அப்பாவுக்குப் பாளையம்பட்டியில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. அருப்புக்கோட்டையில் ஒரு வாத்தியாரிடம் ஆறு வருஷம் பாட்டுப் படித்தேன். பிறகு நாலு வருஷம் மெல்லிசைக் குழுவோடு மல்லாங்கிணறு, காரியாபட்டி, கமுதி என்று திருவிழா மேடைகள். மாலா அக்கா பாட்டென்றால் குழுவில் என்னைத்தான் நிறுத்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவுகளேதான் என்று ஊருக்கு ஊர் பேச்சு. அந்தப் பேச்சுதான் என்னைச் சென்னையில் கொண்டுபோய் விட்டது.

மாலா அக்காவின் முழுப் பெயர் துணைமாலை. திருச்சுழிக் கோயில் அம்மன் பெயர். அந்தப் பக்கத்துக் கரிசல்காட்டில் எட்டு ஏக்கர் மானாவாரி வைத்திருந்த குடும்பம். மழை பெய்தால் கொத்தமல்லியும் மிளகாயும், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. பத்தொன்பது வயதில் மெட்ராஸுக்குப் போனார். மூன்று வருஷம் கோரஸில் நின்றார். நாலாவது வருஷம், பாட வேண்டிய பெரிய பாடகி வர முடியாமல்போன ஒரு நாளில், அவரைக் கூப்பிட்டு மைக்கின் முன்னால் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் தாலாட்டிலிருந்து ஒப்பாரி வரைக்கும் அவர் பாடாத சமாச்சாரம் இல்லை. எங்கள் பக்கத்து பஸ்களில் டிரைவர் யாராக இருந்தாலும் பாட்டு அக்காவினுடையதாகத்தான் இருக்கும். அத்தனை புகழுக்குப் பிறகும் பேச்சு மட்டும் திருச்சுழிப் பேச்சுதான். "வாரேன்ப்பா, சித்த இரு" என்று அவர் சொல்லும்போது ஸ்டுடியோப் பையன்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

ட்ராக் பாடியவள், பெரியவர்கள் வரும்போது ஸ்டுடியோவில் இருக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். அக்கா அதை மதிக்கவே மாட்டார். வந்ததும் முதல் கேள்வி, "யாருப்பா ட்ராக்கு? அந்தப் புள்ளையக் கூப்புடு." முதல் தடவை போய் நின்றேன். ஊர் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "அடியாத்தி, பாளையம்பட்டியா? உக்காருத்தா" என்றார். அன்றிலிருந்து அவர் பாடி முடிக்கும்வரை நான் அங்கேதான்.

அவர் பாட்டை வாங்கும் முறையே தனி. அச்சடித்த தாளைத் தொடமாட்டார். கோடு போட்ட நோட்டில் தன் கையால் வரி வரியாக எழுதுவார். என் ட்ராக்கை மூன்று முறை கேட்பார். முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு. இரண்டாம் முறை பென்சிலோடு, எங்கெங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கெல்லாம் ஒரு புள்ளி. மூன்றாம் முறை, "இந்த எடத்துல நீ மூச்சு விடலையே, எப்படித்தா இழுத்த?" என்று என்னிடமே கேட்பார். பிறகு செருப்பைக் கழற்றுவார். வளையல் சத்தம் மைக்கில் ஏறும் என்று ஆறு வளையலையும் கழற்றி என் கையில் கொடுப்பார். உள்ளே போய்விட்டால் பாட்டைத் தவிர வேறு பேச்சு இல்லை. தப்பென்று தன் காதுக்குப் பட்டால் யாரும் சொல்லுமுன் தானே கையைத் தூக்கிவிடுவார். "இன்னொருக்கப் போவோம்ப்பா."

அப்படிப்பட்டவரைத்தான் நாங்கள் ஏமாற்றினோம்.

அக்காவுக்கு அறுபது தாண்டியிருந்தது. நாலைந்து மாதமாக நெஞ்சுச்சளி வேறு. மழைக்காகக் காத்திருக்கும் ஒரு பெண் பாடுவதாக ஒரு பாட்டு. இரண்டாம் சரணத்தின் கடைசி வரி மேல்ஸ்தாயியில் ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அக்கா ஏறினார், நிற்க முடியவில்லை. கையைத் தூக்கினார். மறுபடியும். மறுபடியும். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, எண்ணப் பிடிக்கவில்லை. கடைசியாக ஒரு தடவை குரல் போய் நின்றது. ஆனால் சுருதிக்கு ஒரு நூல் கீழே நின்றது. ஒலிப்பதிவு இன்ஜினியர் சரியில்லை என்று தலையை ஆட்டினார். அந்தப் பாட்டின் இசையமைப்பாளர் அவர் கையைப் பிடித்து அமுக்கிவிட்டு, "அற்புதம்க்கா! இதுதான்!" என்று உள்ளே கேட்கும்படி சொன்னார்.

"நெசமாவா? எனக்கு லேசாக் கொறைஞ்ச மாதிரி இருந்துச்சே. இன்னொருக்கப் போவமா?"

"வேணாம்க்கா. சரியா வந்திருக்கு."

வெளியே வந்து வளையலை வாங்கும்போது என் முகத்தைப் பார்த்தார். "வந்துருச்சாத்தா?" என்னிடம் கேட்டார், வேறு யாரிடமும் கேட்கவில்லை. ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவர் கார் கிளம்பியதும் இசையமைப்பாளர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "இன்னொரு டேக்னு அவங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலை இந்திரா. நீ அந்த ஒரு வரியைப் பாடிரு" என்றார். பாடினேன். ஒரே டேக். அக்கா குரலுக்குப் பக்கத்தில் என் குரலை வைத்தால் ஒட்டுப்போட்ட இடம் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு எனக்கு வருத்தமே வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெருமையாகத்தான் இருந்தது. அக்காவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. எல்லாரும் அந்த ஒரு வரியைத்தான் பேசினார்கள். இந்த வயசிலும் இப்படியா என்று பத்திரிகைகள் எழுதின. மல்லாங்கிணறு பஸ்ஸில் ஒரு தடவை அந்த வரி வந்தபோது, முன் சீட்டுக்காரர் "யப்பா!" என்று நெஞ்சில் கை வைத்தார். எனக்கு ஒரு சாண் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. அக்காவே போன் செய்தார். "கேட்டியாத்தா? அதை எப்படிப் பாடுனேன்னு எனக்கே தெரியல. அம்மன்தான் கூட நின்னு பாடிருக்கா" என்றார். ஆமாக்கா என்றேன். அடுத்து அதே இசையமைப்பாளரிடம் இன்னும் இரண்டு பாட்டுகளில் இதே வேலை நடந்தது. ஒரு தடவை செய்தால் இரண்டாவது தடவை கை தானாகப் போகிறது.

அப்போதுதான் அருப்புக்கோட்டையிலிருந்து அழைப்பு வந்தது, பங்குனித் திருவிழாவில் அக்காவின் கச்சேரி. சொந்த மண்ணில் அவர் மேடை ஏறிப் பல வருஷமாகியிருந்தது. பட்டியலின் கடைசிப் பாட்டு எது? அதேதான். பதிவில் இருந்த அதே சுருதியில்.

ஒத்திகையில் தெரிந்திருக்காதா என்று கேட்கலாம். தெரியாது. பெரிய பாடகர்கள் ஒத்திகையில் உச்சி வரிகளைப் பாடமாட்டார்கள். தொண்டையை மேடைக்கு மிச்சம் வைப்பார்கள். அந்த இடம் வந்ததும் அக்கா உதட்டை மட்டும் அசைத்துக் கையை மேலே தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்குத் தெரியாமல் சுருதியை இறக்கவும் வழி இல்லை. கீபோர்டுக்கு ஒரு பொத்தான் போதும், ஆனால் புல்லாங்குழல்காரர் குழலை மாற்ற வேண்டும், தபலாக்காரர் தபலாவை மாற்ற வேண்டும். அக்கா கண்ணில் படாமல் அது நடக்குமா?

இசையமைப்பாளர் போனில் ஒரு யோசனை சொன்னார். "நீ கோரஸ்ல நில்லு. உன் மைக் சத்தத்தை ஏத்தி வைக்கச் சொல்லிட்டேன். அவங்களுக்கு உடையிற மாதிரி இருந்தா நீ பின்னால இருந்து அந்த வரியைப் பாடிரு. கூட்டத்துக்கு வித்தியாசம் தெரியாது." கூட்டத்துக்குத் தெரியாது. பத்தடி முன்னால் நிற்கிற அக்காவுக்கு? சொந்த ஊர்க்காரர்கள் முன்னால், பாட்டின் நடுவே, முதுகுக்குப் பின்னாலிருந்து தன் குரலே வருவதைக் கேட்டால் அவர் என்ன ஆவார்?

கச்சேரி அன்று மத்தியானம் லாட்ஜ் அறை நிறையத் திருச்சுழிப் பக்கத்துச் சொந்தங்கள். கருப்பட்டி மிட்டாயும் சேவும் பொட்டலம் பொட்டலமாகக் குவிந்திருந்தன. அக்காவின் பெரியப்பா மகன் ஒருவர், வெள்ளை மீசை, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "ஏத்தா, அந்தப் பாட்டுல நீ உச்சிக்குப் போயி நிக்கியே, எங்களுக்கு மூச்சே நின்னுபோகுது. அதைக் கேக்கத்தான் ஊரே வேன் பிடிச்சு வருது." அக்கா சிரித்தார். சின்னப் பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். எனக்குத் தாங்கவில்லை.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, அந்தக் கடைசி வரி நீங்க பாடுனது இல்ல. நான் பாடுனது."

அழுவார், அறைவார், வெளியே போ என்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். "எத்தனை பாட்டுல?" என்றார்.

"மூணுக்கா."

பையிலிருந்து நோட்டை எடுத்துப் பென்சிலோடு என் மடியில் வைத்தார். "எந்தெந்த எடம்? கோடு போடு."

போட்டேன். மூன்று பாட்டிலும் சேர்த்து ஐந்து இடம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது பாட்டில் விரல் நின்றது. "இந்த எடமுமா? இதை நான் நல்லாத்தானேத்தா பாடுனேன்?"

அங்கே போட்டிருந்த கோட்டின் மேலேயே பென்சிலை இன்னொரு தடவை ஓட்டினேன். புரிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போயிச் சாப்புடு. ஆறு மணிக்கு மேடைக்குப் போகணும்" என்றார். அவ்வளவுதான். அன்று முழுக்க வேறு ஒரு வார்த்தை என்னிடம் பேசவில்லை.

மேடையில் கோரஸ் வரிசையில் நின்றேன். அக்கா ஒவ்வொரு பாட்டாகப் பாடிக்கொண்டே வந்தார், குறை சொல்ல முடியாத பாட்டு. கடைசிப் பாட்டு வந்தது. கீபோர்டுக்காரர் முதல் ஸ்வரத்தைத் தொட்டதும் அக்கா கையைத் தூக்கினார். "சித்த நிறுத்துப்பா. ஒரு கட்டை இறக்கிக்க." புல்லாங்குழல்காரர் பையில் வேறு குழலைத் தேடினார். தபலாக்காரர் குனிந்து வேறு தபலாவை எடுத்துச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். கூட்டம் சலசலத்தது. அக்கா மைக்கைக் கையில் எடுத்தார்.

"என்னன்னு பாக்குறீகளா? ரெக்கார்டுல நீங்க கேட்ட அந்த உச்சி என் குரல் இல்ல. எனக்கே இன்னைக்கு மத்தியானந்தான் தெரியும். அதைப் பாடுனது இந்தா நிக்கிறாளே, பாளையம்பட்டி இந்திராணி, அவ. எனக்கு வயசாயிருச்சு, அம்புட்டுத் தொலவு ஏற முடியல. முடியிற எடத்துல பாடுறேன். கேப்பீகளா?"

நான் பூமிக்குள் போய்விடலாமா என்று தலையைக் குனிந்துகொண்டேன். முன் வரிசையிலிருந்து அந்த வெள்ளை மீசைக்காரர்தான் எழுந்தார். "நீ எங்கிட்டு நின்னு பாடுனா எங்களுக்கென்னத்தா? பாடு!" என்று கத்தினார். அதற்குப் பிறகு எழுந்த கைத்தட்டலில் தபலாக்காரர் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை.

அக்கா பாடினார். அந்த வரி வந்தது. இறக்கிய சுருதியிலும் குரல் லேசாகக் கரகரத்தது, நடுங்கியது, ஆனால் விழவில்லை. மழைக்குக் காத்திருப்பவள் அப்படித்தான் பாடுவாள். நான் பாடிக் கொடுத்திருந்தது உயரம் மட்டும்தான் என்று எனக்கு அப்போது தெரிந்தது. என் மைக்கை ஏற்றித்தான் வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

சேதி எங்களுக்கு முன்னால் சென்னைக்குப் போய்விட்டது. லாட்ஜுக்குத் திரும்புவதற்குள் இசையமைப்பாளர் போன். "நம்பினேன் இந்திரா" என்ற இரண்டே வார்த்தை. அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. என் வேலையில் பாதி அவரிடம்தான் இருந்தது. போனால் போகட்டும், இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் கிடையாது. அக்கா பேசாமல் இருந்ததுதான் என்னைக் குடைந்தது.

மறுநாள் காலை விருதுநகரில் ரயில். காரில் பின் சீட்டில் அக்காவும் நானும். பாலவனத்தம் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்: "ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீங்க நொந்துபோவீகன்னு..."

"நொந்துட்டுப் போறேன். தொண்டை யாருது? என்னுது. அது போனா ஒக்காந்து அழ வேண்டியவ நான். எனக்குத் தெரியாமலே நீங்க எல்லாஞ் சேந்து அழுது முடிச்சுட்டீகளேத்தா!"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காரில் டிரைவர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை, குலுங்கிக் குலுங்கி அழுதேன். அக்கா தடுக்கவில்லை. அழுது ஓயும்வரை விட்டார். பிறகு டிரைவரிடம் ஜன்னல் கண்ணாடியை ஏற்றச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்த வரியைப் பதிவில் இருந்த அதே சுருதியில் எடுத்தார். உடைந்தது. நெஞ்சை நிமிர்த்தி மறுபடியும் எடுத்தார். மறுபடியும் உடைந்தது. மூன்றாவது தடவை உடைந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"வரலத்தா! நெசமாவே வரல. இது தெரியாம நான் வருது வருதுன்னு நெனச்சுக்கிட்டுல்ல திரிஞ்சேன்!" கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "சரி, நீ பாடு, கேப்போம்."

தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினேன். பாதி வரி போவதற்குள் என் தொடையில் ஓங்கி ஓர் அடி. "அடச்சீ, இது நானு! ஒன்னையத்தானே பாடச் சொன்னேன்."

மறுபடி எடுத்தேன். மறுபடியும் அவர் குரல்தான் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. எனக்கென்று ஒரு குரல் உண்டா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அக்கா அவசரப்படவில்லை. கையைத் தூக்கி, "இன்னொருக்கப் போவோம்" என்றார். எத்தனை தடவை போனோமோ தெரியாது. ஒரு தடவை, எதையும் நினைக்காமல், மூச்சு போன போக்கில் எடுத்தேன். கொஞ்சம் தடித்த குரல், அடியில் ஒரு சொரசொரப்பு. உச்சியில் போய் நின்றது.

அக்கா முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இந்தக் குரலை நான் கேட்டதே இல்லையேத்தா" என்றார்.

"நானும் கேட்டதில்லக்கா" என்றேன்.